மாடிக்குப் போகாத மாதங்கள்

வேண்டாம் அம்மா, மிக்க நன்றி. கோவில்பட்டிக் கடலைமிட்டாய் நல்ல பண்டம்தான். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் பயணத்தில் நான் எதையும் வாயில் போடுவதில்லை. மதுரை போய்ச் சேரும்வரை ஒரு மிடறு தண்ணீர்கூட அருந்த மாட்டேன். பழகிவிட்டது. நீங்கள் சாப்பிடுங்கள். எனக்காகக் கூச்சப்பட வேண்டாம்.

பை பெரிதாக இருக்கிறதே என்று பார்க்கிறீர்களா? சில நாள் தங்கும்படியாகத் துணி எடுத்து வந்திருக்கிறேன். திருநெல்வேலியில் ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் நான் தமிழாசிரியை. விடுப்புச் சொல்லியாகிவிட்டது. என் மகள் தண்மதி மதுரையில் ஒரு மருத்துவமனையில் இருக்கிறாள். அவள் கட்டிலருகே என் ஓரகத்தி வடிவு உட்கார்ந்திருக்கிறாள். வடிவு என்பவள் என் கணவருடைய தம்பியின் மனைவி. அவளை இன்று ஊருக்கு அனுப்பிவிட்டு, அந்த இடத்தில் நான் உட்காரப் போகிறேன். இந்தப் பயணம் அதற்காகத்தான். பெற்றவள் நான் இருக்கும்போது மற்றொருத்தி உட்கார்ந்திருப்பது எந்த ஊர் நியாயம், நீங்களே சொல்லுங்கள். இல்லை, இப்போது சொல்ல வேண்டாம். நான் வரிசையாகச் சொல்லி முடிக்கிறேன், பிறகு சொல்லுங்கள். வரிசை குலைந்தால் குற்றம் என் பக்கம் இருப்பதுபோலத் தோன்றிவிடும்.

டவுனில் என் மாமனார் கட்டிய வீடு எங்களுடையது. கீழ்வீடு மூத்தவரான என் கணவருக்கு, மாடிவீடு கொழுந்தனாருக்கு. பூசையறை கீழே, எங்கள் பக்கம். வீட்டுக்கு விலக்காகிற பெண்கள் பூசையறை இருக்கும் தளத்தில் இருக்கக் கூடாது. அந்த மூன்று நாளும் மாடியில்தான் இருக்க வேண்டும். மாமியார் காலத்து வழக்கம் இது. காலம் மாறிவிட்டது என்பார்கள். என் வீட்டில் மாறவில்லை. எனக்கு அந்தத் தொல்லை ஓய்ந்துவிட்டது. தண்மதி பெரியவளானதிலிருந்து அவள்தான் மாதந்தோறும் ஒரு பாயும் பாடப் புத்தகமுமாக மாடி ஏறுவாள்.

அந்த மூன்று நாளும் வடிவுக்குத் திருவிழா. அவளுக்கு ஒரே மகன், கோயம்புத்தூரில் படிக்கிறான். பெண் கிடையாது. ஆகவே கிடைத்த மூன்று நாளில் என் பெண்ணைத் தன் பெண்ணாக்கிவிட வேண்டும் என்று சொதி வைப்பாள், இஞ்சிப் பச்சடி வைப்பாள், உளுந்தங்களி கிண்டி நல்லெண்ணெயைக் குளமாக ஊற்றுவாள். வடிவு கைக்குத் தனி ருசி என்று என் மாமியார் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். என் சமையலைப் பற்றி அவர் சொன்னது, உப்பு ஒருநாளும் கூடினதில்லை குறைந்ததில்லை என்பது மட்டும். அதுவும் பாராட்டுத்தான்.

கீழே நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருப்பேன். மேலிருந்து சிரிப்புச் சத்தம் இறங்கி வரும். எதைச் சொல்லி இருவரும் அப்படிச் சிரிக்கிறார்கள் என்று ஒருமுறை மகளைக் கேட்டேன். சும்மாதான் என்றாள். அதன்பின் நான் கேட்கவில்லை.

நான்காம் நாள் தலைக்குக் குளித்துவிட்டு இறங்குவாள். கன்னம் மினுமினுக்கும். 'மாடியில் தின்று கொழுத்து வந்திருக்கிறாய்' என்பேன். ஒவ்வொரு மாதமும் சொல்வேன். படிக்கட்டுப் பக்கம் திரும்பி நின்று, வடிவின் காதில் விழும்படி, சற்று உரக்கச் சொல்வேன். அது வடிவைக் குத்திச் சொன்னது, மகளைச் சொன்னதன்று. இந்த வேறுபாடு உங்களுக்குப் புரிகிறதல்லவா? அந்த டாக்டருக்குப் புரியவில்லை. டாக்டர் கதையைப் பிறகு சொல்கிறேன்.

முதல் மாற்றம் சொதியில் தொடங்கியது. பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்து சில மாதம் ஆகியிருக்கும். வடிவு ஒரு கிண்ணம் சொதியைக் கீழே கொண்டுவந்தாள். தண்மதி கிண்ணத்தைப் பார்த்தாள், முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தேங்காய்ப்பால் திகட்டுகிறது, வேண்டாம் சித்தி என்றாள். வடிவின் முகம் சுருங்கிப்போயிற்று. மறைக்காமல் சொல்கிறேன், எனக்கு உள்ளம் குளிர்ந்தது. எந்தக் கையின் ருசியைச் சொல்லி என்னை அத்தனை ஆண்டு மட்டம் தட்டினார்களோ, அந்தக் கையை என் மகள் வேண்டாம் என்றுவிட்டாள். நான் எதையும் இரண்டாம் முறை கேட்டு வாங்குகிற வழக்கம் இல்லாதவள். அன்று இன்னொரு கரண்டி ரசம் விட்டுக்கொண்டேன்.

அதன்பின் அவள் உண்ணும் முறையே திருந்திவிட்டது. ஒரு தோசையை நகத்தளவு நகத்தளவாகப் பிய்த்துத் தட்டின் ஓரத்தில் அடுக்குவாள். ஒவ்வொன்றாக எடுப்பாள். சிலவற்றை மறுபடி அடுக்குவாள். விடுமுறைக்கு வரும் வடிவின் மகன் அந்த நேரத்தில் ஒரு பானையைக் காலி செய்வான். எண்ணெய்ப் பலகாரம் விட்டாள். பிறகு இனிப்பை விட்டாள். பிறகு வெள்ளிக்கிழமை உபவாசம். செவ்வாயும் சேர்ந்தது. சஷ்டி, கார்த்திகை, பிரதோஷம் என்று விரதம் கூடிக்கொண்டே போயிற்று. எங்கள் ஆசிரியர் அறையில் மற்றவர்கள், பிள்ளைகள் பரோட்டாவுக்கும் நூடுல்சுக்கும் அடம்பிடிப்பதைச் சொல்லிப் புலம்புவார்கள். நான் மட்டும் புலம்ப ஒன்றும் இல்லாதவளாக உட்கார்ந்திருப்பேன். யாராவது கேட்டால் மகளின் விரதங்களைச் சொல்வேன். வாயைப் பிளப்பார்கள். கணக்கு ஆசிரியை எஸ்தர் மட்டும், 'அப்போ எந்தக் கிழமைதான் டீச்சர் உங்க பிள்ள சாப்பிடும்?' என்று கேட்டாள். அவள் பிள்ளை தடித்த உடம்பு. அந்த வயிற்றெரிச்சல் என்று விட்டுவிட்டேன். பிறர் பொறாமையை நான் பெரிதுபடுத்துவதில்லை.

கோயிலுக்குப் போனாலும் சும்மா கும்பிட்டுத் திரும்ப மாட்டாள். நெல்லையப்பர் கோயில் பிராகாரம் எவ்வளவு நீளம் என்று உங்களுக்குத் தெரியும். அதை மறுபடி மறுபடி சுற்றுவாள். நடையா அது? ஓட்டம். எனக்கு மூச்சு வாங்கும், தூணருகே நின்றுவிடுவேன். போதும் வா என்றால் கோபம் வரும், இன்னும் முடியவில்லை என்பாள். முழுக்கைச் சட்டை, அதன்மேல் ஸ்வெட்டர். எங்கள் ஊர் வெயிலில் ஸ்வெட்டர்! மற்றப் பெண்கள் உடம்பைப் பிடித்துக்கொண்டிருக்கிற உடைகளுக்காகச் சண்டை போடும் காலத்தில், இவள் இரண்டு பேர் புகுந்துகொள்ளும் சட்டை கேட்டாள். வாங்கிக் கொடுத்தேன், மகிழ்ச்சியாகவே. விளக்கேற்றும்போது கை பட்டால் சில்லென்றிருக்கும். கையில் பூனைமுடி அடர்ந்தது. பச்சை மஞ்சள் அரைத்துக் கொடுத்தேன். தலைமுடி சீப்போடு வந்தது. அது வடிவின் கண்ணேறு என்று உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டேன். மிளகாய் நெடியே வரவில்லை. அவ்வளவு கடுமையான கண்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவள் சமைக்கத் தொடங்கினாள். யாரும் கேளாமலே. அவியல், பால்கொழுக்கட்டை, அல்வாகூடக் கிண்டினாள். தகப்பனுக்குப் பரிமாறிவிட்டு, கடைசிக் கவளம் இறங்கும்வரை நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். தான் தொட மாட்டாள். இன்றைக்கு விரதம் என்பாள். எனக்கு அதில் ஒரே ஒரு வருத்தம். மாடிக்கும் ஒரு கிண்ணம் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

கொடுத்த இடத்தில்தான் வினை. ஒரு பங்குனி வெள்ளியன்று வடிவு கீழே வந்தாள். தண்மதி பள்ளிக்குப் போயிருந்தாள். வடிவு பூசையறை வாசலில் நின்று முந்தானையைத் திருகினாள். சுற்றி வளைத்துப் பேசுகிறவள் அல்லள் அவள். அன்று சுற்றி வளைத்தாள். வெயிலைப் பற்றிப் பேசினாள், குழாயில் தண்ணீர் வராததைப் பற்றிப் பேசினாள்.

"அக்கா, தப்பா எடுத்துக்கிடாதீய. மதி மாடிக்கு வந்து எத்தன மாசமாச்சுன்னு பாத்தீயளா?"

எனக்குச் சுரீர் என்றது. என் மகள் தன்னிடம் வருவதில்லை என்பதை என்னிடமே வந்து முறையிடுகிறாள் பாருங்கள்.

"அவள் வராவிட்டால் உனக்கு என்ன நட்டம்?" என்றேன்.

"எனக்கு என்னக்கா நட்டம். பொங்கலுக்கு முந்தி வந்த பிள்ள. பொறவு வரவே இல்ல. கை ஐஸாட்டம் இருக்கு. கழுத்தெலும்பு தெரியுது. ஒரு டாக்டரம்மாட்ட காட்டுவமா?"

"உனக்குப் பெண் வேண்டுமானால் பெற்றிருக்க வேண்டும். அடுத்தவள் பெண்ணுக்கு நாள் எண்ணிக்கொண்டிருக்கக் கூடாது."

வடிவு என்னை நேராகப் பார்த்தாள். அவள் அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை.

"நாளு எண்ணலக்கா. மாசம் எண்ணுதேன்."

சொல்லிவிட்டு மாடி ஏறிப் போய்விட்டாள். அன்று முதல் அவளுடன் பேச்சை நிறுத்தினேன். மகளிடமும் மாடிக்கு எதையும் கொண்டுபோகக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

அவள் மாதந்தோறும் மாடிக்குப் போகவில்லை என்பது எனக்குத் தெரியாதா? தெரியும் அம்மா. பெற்றவளுக்குத் தெரியாமல் இருக்குமா? பங்குனி உத்திரம், வைகாசி விசாகம், ஆனித் தேர், எதற்கும் விலக்குக் குறுக்கே வரவில்லை. ஒரு நாள் தவறாமல் அவள் கையால் விளக்கேறிற்று. விரதம் இருக்கிற பிள்ளைக்கு அம்பாள் கொடுத்த சலுகை என்று கும்பிட்டேன். அதோடு, மாடியில் அந்தச் சிரிப்புச் சத்தமும் நின்றிருந்தது. வீடு எவ்வளவு அமைதியாக இருந்தது என்று உங்களுக்குச் சொல்லி விளக்க முடியாது.

ஆடி வெள்ளியன்று காந்திமதியம்மன் சந்நிதியில் நல்ல கூட்டம். தீபாராதனை காட்டும் நேரத்தில் தண்மதி நின்ற இடத்திலேயே சரிந்தாள். கண் மேலே செருகியிருந்தது. பின்னால் நின்ற பெண்கள், பிள்ளைக்கு அம்மன் வந்துவிட்டாள் என்றார்கள். ஒருத்தி திருநீற்றைக் கொண்டுவந்து அவள் முகத்தருகே நீட்டி, மகனுக்கு வேலை எப்போது கிடைக்கும் என்று கேட்டாள். நான் கைகூப்பி நின்றேன். என் வயிற்றில் பிறந்தவள்மேல் அம்மன் இறங்கியிருக்கிறாள் என்றால் வேறு என்ன செய்வது? எங்கிருந்தோ வடிவு வந்தாள். நாங்கள் பேசிக்கொள்வதில்லை என்பதால் தனியாக வந்திருக்கிறாள். "சாமியும் இல்ல ஒண்ணும் இல்ல, தள்ளுங்க" என்று அத்தனை பேரையும் விலக்கிக்கொண்டு புகுந்து, என் மகளைத் தனி ஆளாகத் தூக்கினாள். வளர்ந்த பெண்ணை, இடுப்புக் குழந்தையைத் தூக்குவதுபோல ஒரே வீச்சில் தூக்கிவிட்டாள். தூக்கியவள் அப்படியே ஒரு கணம் நின்றாள். அவள் வாய் கோணிக்கொண்டு போயிற்று. பிறகு வெளிவாசல்வரை அழுதுகொண்டே ஓடினாள். அழ வேண்டியவள் நான். அதையும் அவளே எடுத்துக்கொண்டாள்.

எங்கள் ஊர் மருத்துவமனையில் நாடி மிகவும் தளர்ந்திருக்கிறது என்று சொல்லி மதுரைக்கு அனுப்பினார்கள். அங்கே டாக்டர் மெர்சி என்று ஓர் அம்மையார். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுத்தான் பேசுவார். கடைசியாக எப்போது தீட்டாயிற்று என்று என்னைக் கேட்டார். நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே பின்னாலிருந்து வடிவு, "பொங்கலுக்கு முந்தி டாக்டர். வியாழக்கெழம மாடிக்கு வந்தா" என்றாள். கிழமையோடு சொல்கிறாள்! டாக்டர் அதற்கு மேல் அன்று என் பக்கம் திரும்பவே இல்லை. கேட்டதையெல்லாம் அவளிடம் கேட்டார். என் மகளின் உடம்புக் கணக்கு அவள் வாயிலிருந்து வருகிறது, நான் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். அன்று எனக்கு வயிறு எரிந்ததுபோல என்றும் எரிந்ததில்லை.

மறுநாள்தான் என்னை அழைத்துச் சொன்னார், நோயின் பெயர் அனோரெக்சியாவாம். உடம்பு எலும்பாக ஆனபிறகும் தான் பருத்திருப்பதாகவே அந்தப் பிள்ளைக்குத் தோன்றுமாம். உணவென்றால் அச்சமாம். பசியில்லை என்பதன்று, பசியோடு சண்டையாம். மற்றவர்களுக்குச் சமைத்துப் போட்டு அவர்கள் உண்பதைப் பார்த்துக்கொண்டிருப்பார்களாம். உடம்பு தன்னைக் காத்துக்கொள்ள முதலில் விலக்கை நிறுத்துமாம், பிறகு தோலில் பூனைமுடி முளைக்குமாம், பிறகு நெஞ்சுத் துடிப்பைக் குறைக்குமாம். விரதம் நல்ல திரை. சாமி பெயரைச் சொன்னால் வீட்டில் யாரும் ஊட்டிவிட வர மாட்டார்கள் அல்லவா என்றார். இன்னும் சில வாரம் இப்படியே போயிருந்தால் தூக்கத்திலேயே இதயம் நின்றிருக்கும் என்றும் சொன்னார். இவற்றில் எதையுமே நீங்கள் பார்க்கவில்லையா என்று கேட்டார். எல்லாவற்றையும் பார்த்தேன் டாக்டர், ஒன்றையும் விடவில்லை என்றேன். உண்மைதானே. அவர் சொன்னவற்றில் நான் ஆசிரியர் அறையில் சொல்லாதது ஒன்றுகூட இல்லை.

வீட்டில் யாராவது அவள் உடம்பைப் பற்றி ஏதாவது சொன்னதுண்டா என்றும் கேட்டார். யாரும் சொன்னதில்லை என்றேன். மாடியில் தின்று கொழுத்து வருகிறாய் என்று நான் சொல்வதை மகளே அவரிடம் சொல்லியிருக்கிறாள் போலும். அது வடிவைச் சொன்னது என்பதை எடுத்து விளக்கினேன். படிக்கட்டுப் பக்கம் திரும்பி நின்று சொல்வேன் என்பதையும் சொன்னேன். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். 

கோயிலிலிருந்து தூக்கிக்கொண்டு ஓடியவள் வடிவு என்றாலும், முதல் வேளை உணவின்போது நான்தான் பக்கத்தில் உட்கார்ந்தேன். இட்லித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு தண்மதி அதையே பார்த்தாள். சாப்பிடு என்றேன். இன்னும் ஒரு வாய் என்றேன். ஒரு விள்ளல் வாய்க்குள் போனதும், என் கண்ணே, கெட்டிக்காரி என்றேன். இதில் என்ன தவறு? அவள் தட்டைத் தள்ளிவிட்டாள். சாம்பார் என் புடைவை முழுவதும். "அம்மா, என்னப் பாக்காத" என்றாள். "நீ பாக்கப் பாக்க எனக்கு உடம்பு ஊதுது." நான் பிறகும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், எங்கே பார்ப்பது வேறு? அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். முதுகெலும்பு ஒவ்வொன்றும் சட்டைக்கு மேலே தெரிந்தது. ஸ்வெட்டர் இல்லாமல் அன்றுதான் அவளைக் கண்டேன்.

டாக்டர் என்னை வெளியே அழைத்து, சிறிது காலம் சாப்பாட்டு வேளைகளில் நான் உள்ளே இருக்க வேண்டாம் என்றார். யார் உடன் இருந்தால் சரி என்று பிள்ளையையே கேட்டாராம். சித்தி என்றாளாம். எனக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும், அதுவும் பிற்பகலில். கைதிகளைப் பார்க்கப் போவதுபோல.

வடிவு என்ன மந்திரம் போடுகிறாள் என்று கண்ணாடிக் கதவு வழியாக ஒருமுறை பார்த்தேன். ஒன்றும் செய்யவில்லை. தன் தட்டை வைத்துக்கொண்டு தான் சாப்பிடுகிறாள், அவ்வளவுதான். மகளின் தட்டைத் திரும்பியும் பார்ப்பதில்லை. தொலைக்காட்சித் தொடரில் எந்த மருமகள் எந்த மாமியாருக்கு விஷம் வைத்தாள் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொல்கிறாள். நான் அந்தப் பிள்ளைக்கு மூன்று வயதில் செய்யுள் சொல்லிக் கொடுத்தவள். அவள் வாயைத் திறக்க இந்தத் தொடர்க்கதைதான் வேண்டியிருக்கிறது. கதவுக்கு வெளியே நின்ற எனக்கு ஒன்று காதில் விழுந்தது. பெரிய சிரிப்பில்லை, மூக்கு வழியாக வந்த சிறிய சிரிப்பு. தண்மதியினுடையது.

அதனால்தான் முடிவு செய்தேன். இன்று போய், வடிவு, நீ பட்டது போதும், ஊருக்குப் போ என்று சொல்லிவிடுவேன். டாக்டர் தடுத்தால் நானே பேசிக்கொள்வேன். பெற்றவளை மீறி...

கொஞ்சம் பொறுங்கள். தொலைபேசி. அவள்தான்.

ஆம், சொல். பேருந்தில் இருக்கிறேன். ஆம், இன்றைக்கேதான், ஞாயிறு இல்லை என்று எனக்கும் தெரியும். என்ன? உரக்கச் சொல், சத்தமாக இருக்கிறது. என்ன சாப்பிட்டாள்? முழுவதுமா? யார் அவித்த இட்லி? கேட்டதற்குப் பதில் சொல், வடிவு. யார் அவித்தது? கேன்டீனா? உண்மையாகவா? சரி. அவளிடம் கொடு.

மதி. சொல்லு கண்ணே. கேட்கிறது. சித்தியை நான் எங்கே... இல்லை. அனுப்பவில்லை. ஆம், அனுப்ப மாட்டேன். சரி. சரி, வை.

ஒன்றுமில்லை அம்மா, தூசி. ஜன்னலைச் சற்று மூடிவிடுங்கள்.

இரண்டு இட்லியாம். முழுதாக இரண்டு. கேன்டீன் இட்லி, கேட்டீர்களா? கல்லைப் போல இருந்ததாம், வடிவே சொல்கிறாள். அவள் கைபட்ட இட்லி அன்று. அவள் சொதியில்லை, களியில்லை, அந்தக் கையின் ருசி ஒன்றும் அதில் இல்லை. யார் யாருக்கோ அவித்துக் கொட்டிய இட்லியைத்தான் என் மகள் தின்றிருக்கிறாள். அதனால்தான் சரி என்றேன். வடிவு அவித்ததாக இருந்திருந்தால் ஒருக்காலும் சம்மதித்திருக்க மாட்டேன். அதை நீங்கள் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். வந்தது வந்தாயிற்று, கதவருகே நின்று ஒருமுறை பார்த்துவிட்டு மாலைப் பேருந்தில் திரும்பிவிடுவேன்.

இரண்டாவது இட்லியை அவளே எடுத்து உண்டாளா, வடிவு ஊட்டினாளா என்று நான் கேட்கவில்லை. நீங்கள் கவனித்தீர்களல்லவா? வாய்வரை வந்தது. கேட்கவில்லை.